வீட்டுச் சேமிப்புப் பெட்டியின் மொழி

பொருளைத் தேடுதல் அரிது. தேடிய பொருளைப் பேணுதல் அதனினும் அரிது. நெல்லைக் குதிரிலும் ஏட்டைச் சுவடிப் பெட்டியிலும் வைத்துப் பேணியவர் நம் முன்னோர். இக்காலத்து வீடுகள் சிலவற்றில் வேறொரு பெட்டியும் இடம்பெற்றுள்ளது. நிழற்படங்கள், கடிதங்கள், பத்திரங்களின் படிகள் ஆகியவற்றை வீட்டார் அனைவரும் தத்தம் கணினி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வைத்தெடுக்கும் பொதுச் சேமிப்புப் பெட்டி அது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி அதனை 'நாஸ்' என வழங்குவர். தைவான் நாட்டுச் சினாலஜி, கியூநாப் முதலிய நிறுவனங்கள் இதனைச் செய்து பல நாடுகளில் விற்கின்றன. இப்பெட்டியின் ஆற்றலில் எனக்கு ஐயமில்லை. அது வீட்டாரோடு பேசும் முறையே குறையுடையது என்பது என் கருத்து.

மாணவர்களே! இப்பெட்டியினுள் இரண்டோ நான்கோ வன்தட்டுகள் இருக்கும். தட்டு என்பது என்றேனும் ஒருநாள் பழுதுறும் பொருள். ஆதலின், ஒரு தட்டுக் கெட்டாலும் கோப்புகள் கெடாதவாறு அவற்றைப் பல தட்டுகளில் பகிர்ந்து வைப்பர். இம்முறைக்கு 'ரெய்டு' என்பது பெயர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அப்பெயரைப் பரப்பியது. பெருங்கணினியின் விலையுயர்ந்த தட்டுக்கு மாற்றாகச் சிறிய மலிவான தட்டுகள் பலவற்றைச் சேர்த்தாளலாம் என அவர்கள் காட்டினர். கணினிக் கூடங்களில் அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பணியாளர் இருந்தனர். பின்னர் அம்முறை வீட்டுக்கு வந்தது. பணியாளர் உடன் வரவில்லை. பணியாளருக்கென ஆக்கிய சொற்கள் மட்டும் வந்துவிட்டன.

நான்கு தட்டுகளுள் ஒன்று பழுதுற்றதாகக் கொள்வோம். பெட்டி விட்டுவிட்டு ஒலிக்கும். விளக்கு ஒன்று நிறம் மாறும். அடுக்களையிலிருப்பவர் அஃது எதன் ஒலி என அறியாது திகைப்பர். அவ்வொலியை நிறுத்தப் பல பெட்டிகளின் மேல் பொத்தான் இராது. கணினியில் உலாவியைத் திறந்து, கடவுச்சொல்லை இட்டு, அமைப்புப் பக்கங்களுள் தேடியே நிறுத்தல் வேண்டும். கடவுச்சொல் அறிந்தவர் வெளியூர் சென்றிருப்பின், மின்கம்பியைப் பிடுங்குவதன்றி வேறு வழி தோன்றாது. எவ்வாறோ உட்புகுந்தாலும், 'டிகிரேடட்' என்னும் ஒரு சொல் திரையில் நிற்கும். தரங்குன்றியது என்பது அதன் பொருள். எதன் தரம் குன்றியது? படங்கள் அழிந்தனவா, உளவா? இனிச் செய்யத்தக்கது யாது? அச்சொல் இவற்றுள் ஒன்றற்கும் விடை கூறாது. அச்சமுற்ற கை, நலமாயிருக்கும் தட்டொன்றைத் தவறி உருவுதலும் கூடும். ஒரு தட்டின் இழப்பை மட்டுமே தாங்கவல்ல அமைப்பு, இரண்டாம் இழப்பில் முழுதும் நிலைகுலையும்.

நூற்குற்றம் பத்து என நன்னூல் வகுக்கும். அவற்றுள் குன்றக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய இரண்டையும் இத்திரையில் ஒருங்கே காண்கின்றோம். நூலில் மயக்கம் நேரின் மாணவன் ஆசிரியரை அடுத்துத் தெளிவான். இங்கே தெளிவதற்குள் பொருள் போய்விடும். "இரண்டாம் தட்டுப் பழுதுற்றது. உங்கள் கோப்புகள் இன்னும் நலமாக உள்ளன. அத்தட்டை மட்டும் மாற்றுக, பிறவற்றைத் தொடற்க." இத்துணையே எழுதினாற் போதும். இதற்குப் புதிய பொறி ஒன்றும் வேண்டா. எத்தட்டுக் கெட்டது, கோப்புகள் உளவா என்பவற்றைப் பெட்டி முன்னரே அறியும். அறிந்ததைச் சொல்லாமையே குறை.

'எல்லாம் கையேட்டில் உள்ளனவே' என்பர் செய்வோர். இடர் வந்த பொழுதில் கையேட்டைத் தேடுவார் எத்துணைபேர்? அதன் படியையும் அப்பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவர் உளர் என்றால் வியப்பில்லை.

நன்கு பேசிய பெட்டியும் ஒன்று இருந்தது. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த டிரோபோ என்பது அது. ஒவ்வொரு தட்டின் அருகிலும் ஒரு விளக்கு. பச்சை எனின் நலம், சிவப்பு எனின் அங்கே மாற்றுக. நிறைந்த அளவை நீல விளக்குகளின் வரிசை காட்டும். எழுத்தறியாதாரும் அதனைப் பேணலாம். ஆயினும், தட்டுகளுள் கோப்புகளை அடுக்கிய முறை அந்நிறுவனத்திற்கே உரியது. நிறுவனம் 2022-இல் நொடித்து 2023-இல் கலைந்தபோது, அத்தட்டுகளை வேறு நிறுவனத்தின் பெட்டியில் செருகிப் படிக்க இயலாமை புலனாயிற்று. வைக்கும் வழியைப் போலவே எடுத்துச் செல்லும் வழியையும் எளிதாக்குதல் அமைப்போர் கடன்.

அழிக்கும் வழியோ அரிதாதல் வேண்டும். 2021-ஆம் ஆண்டு சூன் திங்களில், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் பெட்டிகள் பல, உரியவர் அறியாமலே வெறுமையாயின. இணையவழிப் புகுந்த தீயோர் அவற்றைத் துடைத்தனர். அனைத்தையும் அழிக்குமுன் கடவுச்சொல் கேட்க வேண்டிய பகுதி, நிரலில் செயலற்றதாக்கப்பட்டிருந்தது. அவ்வகைப் பெட்டிக்குத் திருத்தம் வழங்குவதும் 2015-லேயே நின்றிருந்தது. தன் காலம் முடிந்ததைப் பெட்டி தானே வீட்டாருக்கு உரைத்தல் வேண்டாவோ?

திரைகளில் காணும் 'பாதுகாக்கப்பட்டது' என்னும் சொல்லையும் யான் ஒப்பேன். தட்டுப் பழுதுக்கு எதிரான காப்பு மட்டுமே அது. குழந்தையொன்று கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால், அது எல்லாத் தட்டுகளிலும் ஒருங்கே அழியும். தீயும் திருட்டும் அவ்வாறே. அவ்விடத்தில் 'வேறோர் இடத்தில் படி உண்டா?' என்னும் வினாவே நிற்றல் தகும்.

வாங்கச் செல்வோர் கொள்ளளவையும் விலையையும் கேட்கின்றனர். 'ஒரு தட்டை உருவிப் பெட்டி என்ன சொல்கிறது எனக் காட்டுக' என்று கடைக்காரரைக் கேட்பாரைக் காணோம். அவ்வாறு பலர் கேட்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டுப் பெட்டிகளின் திரை மாறிவிடும்.