பலகை வைத்தால் கடல் பிழைக்குமா?

2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்போம் என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. நல்ல விஷயம்தான். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ஐரோப்பாவில் 'பாதுகாக்கப்பட்ட கடல்' என்று அறிவித்த பல இடங்களில், கடலடியைச் சுரண்டும் இழுவலை இன்னமும் ஓடுகிறது. 'இயற்கைப் பண்ணை'ன்னு பலகை வச்சிட்டு உள்ளே களைக்கொல்லி அடிக்கிற கதைதான் இது!

மெக்சிகோவின் காபோ புல்மோவைப் பாருங்கள். மீன்வளம் குறைந்ததும் அந்தச் சிற்றூர் மக்களே முன்னின்று கேட்டார்கள். 1995-ல் அந்தக் கடல் தேசியப் பூங்காவானது. மீன்பிடிப்பை அவங்களே நிறுத்தி, அவங்களே காவலும் இருந்தாங்க. 1999-க்கும் 2009-க்கும் இடையே அங்கிருந்த மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்குக்கும் மேலானது. இப்போது கடலுக்குள் முங்கிப் பார்க்க வரும் பயணிகளால் அவர்களுக்கு வருமானம்.

ரசாயனத்தை நிறுத்தியதும் முதல் சில வருஷம் விளைச்சல் குறையும். அதைத் தாங்க முடியாம திரும்பிப் போனவங்களை நமக்குத் தெரியும். மீனவருக்கும் அதே பாடுதான். சதவீதக் கணக்கு போடும் அரசுகள், வலையை நிறுத்தும் குடும்பத்தின் அந்த இடைக்காலச் சோற்றுக்கும் கணக்கு போடட்டும். அப்போதான் கடல் பிழைக்கும்.