வாசலுக்கு வந்த பூனை

பலாங்கொடைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், லயன் காம்பராவின் முன்னே நாலு கத்தரிச் செடியாவது நட்டுவைக்காத குடும்பம் அரிது. மாலை மழை ஓய்ந்ததும் அச்செடிகளுக்கிடையே எங்கிருந்தோ ஒரு பூனை வந்து நிற்கும். கொழுந்து நிறுத்துத் திரும்பிய தாய் கருவாட்டுத் தலையோடு ஒரு பிடி சோறு வைப்பாள். எண்ணிச் சமைக்கும் வீட்டிலே பிறக்கும் இந்த ஈகையைப் போற்றாதார் யார்? ஆயினும், பிடி சோற்றோடு கடமை முடிந்துவிடுகின்றதா என்பதே நமது வினா.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பாடிய பரணர், அவனது வண்மையைக் கொடைமடம் என்றார். ஆராயாது வழங்குதல் அரசனுக்கு அழகாயிருக்கலாம். பூனைக்குச் சோறிடுவோருக்கு அது போதாது. பெண் பூனை ஆறு திங்களுக்குள்ளேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள்; ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றும் உண்டு. பின்னர் நடப்பதை யாவரும் அறிவோம்: ஒரு சாக்கு, இருட்டு வேளை, கோயில் வாசல் அல்லது சந்தைப் பக்கம். குட்டிகளைக் கொண்டுபோய் விடுபவர் கல்நெஞ்சர் அல்லர். பெரும்பாலும் முன்னர்ச் சோறிட்ட அதே கைதான் அது.

ஆகவே சோற்றுக்கு அடுத்தபடியாகச் செய்யத்தக்கது கருத்தடைச் சத்திரசிகிச்சையே. குட்டிகளை நாம் விட்டெறிவதினும் அவை பிறவாதிருத்தல் இரக்கமுடையது.

குட்டியைக் கண்டதும் அள்ளிவருவோர்க்கும் ஒரு சொல். தேயிலைச் செடியடியில் கிடப்பதெல்லாம் அநாதைப் பூனையன்று. உடலில் துருநிறப் புள்ளிகளுடைய சின்னஞ்சிறு காட்டுப்பூனை ஒன்று நம் மலைகளிலும் உண்டு. வளர்ந்த பின்னரும் ஒன்றரைக் கிலோ அளவே இருக்கும். தொல்காப்பியர் வெருகின் பிள்ளையையும் குட்டி என்றே சொல்லச் சொன்னார். பெயர் ஒன்றாயினும் அதன் வீடு காடு. தாய் இரைதேடப் போயிருக்கும். தொடாமல் விலகுதலே உதவி.

பால் வைப்பது பழைய வழக்கம். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைக் கம்பர் தம் அவையடக்கத்தில் மறக்கவொண்ணாதபடி காட்டிவிட்டாரல்லவா! உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரியாது, வயிற்றோட்டம் காணும், தண்ணீரே நன்று. நோயுற்றுச் சுருண்டு கிடக்கிறதே என்று பனடோல் கொடுப்பது கொடிது. சிறிதளவு பரசிட்டமோலே பூனையைக் கொன்றுவிடும்.

விசர் நாய்க்கு மட்டும் உரியதன்று. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் நீர்வெறுப்பு நோயால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி பரவிய பின் அத்தொகை பெரிதும் குறைந்தது. ஊசி போடும் நாளில் பூனையையும் தூக்கிச் செல்வோர் எத்தனை பேர்? பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஏச்சுக்கு அஞ்சிப் பிள்ளைகள் காயத்தை மறைப்பதுண்டு. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எடுத்துரைப்பார்களாக.

ஆனால், நாட்சம்பளத்தில் வாழ்பவர் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பூனைக்காகச் சத்திரசிகிச்சைச் செலவைத் தாங்கவேண்டும் என்று எழுதிவிட்டு நாம் வாளாவிருத்தல் நியாயமன்று. பலாங்கொடை நகர சபையும் பிரதேச சபைகளும் தோட்ட நிருவாகங்களும் அப்பொறுப்பில் பங்கேற்றல் வேண்டும். அடுத்த தடுப்பூசி முகாமுக்கான அறிவித்தலில் நாய் என்னும் சொல்லுக்குப் பக்கத்திலே பூனை என்பதையும் சேர்த்து அச்சிடுவதிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.