கலயமும் சுண்ணாம்பும்

திராட்சையும் சர்க்கரையும் கொண்டு வீட்டிலேயே மதுரசம் செய்வதற்கு எந்த ஜாடி ஏற்றது, எந்த ஈஸ்ட் நல்லது என்று அறிய விழைவோர் இந்நாளில் பலர் உளர். இதனை ஒரு குடிசைத் தொழிலாக நடத்தலாகாதா என்ற வினா நம் அங்கத்தினரிடையேயும் எழுதல் இயல்பே. விடை சுருக்கமானது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. உரிமம் இன்றி மது தயாரிப்பது மட்டுமன்று. அதற்கெனப் பாத்திரமும் பொருளும் வைத்திருப்பதும் அச்சட்டப்படி குற்றமாகும். ஆகவே அவ்வழி நமக்கு இல்லை.

எனினும், பாத்திரத்தையும் பொருளையும் தேர்ந்தெடுக்கும் அறிவு நமக்கு வேண்டாத ஒன்றன்று. மது செய்வோர் எதனை வளர்க்க விரும்புகின்றனரோ, அதனையே தடுத்து நிறுத்த வேண்டிய தொழில் ஒன்று நம் ஏரிக்கரைப் பனைகளை நம்பி இருக்கிறது. அது பதநீர்த் தொழில்.

1937 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. திருவண்ணாமலையை உள்ளடக்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்திற்கு அது 1939இல் விரிந்தது. கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலாக வந்தது பனைவெல்லம். அதனை நடத்தும் பொறுப்பைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்றன. மரம் அதுவே, பாளை அதுவே, ஏறுபவரும் அவரே. மாறியது கலயத்தின் உட்புறம் மட்டுமே.

பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. காற்றிலும் பழைய கலயத்திலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் இச்சர்க்கரையை உண்டு சாராயச் சத்தாக மாற்றுகின்றன. வெயில் ஏறிய சில மணி நேரத்திலேயே சாறு நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்நுண்ணுயிர்களை அடக்கி வைக்கிறது. கள்ளுக்கும் பதநீருக்கும் இடையே நிற்பது இப்பூச்சு ஒன்றே.

எனவே கலயத்தைப் பற்றிச் சிறிது கூறுவேன். மண்கலயத்தின் நுண்துளைகளில் நேற்றைய புளிப்பு தங்கிவிடும். சிவப்புச் சாயம் தோய்த்த தொட்டியைக் கழுவாமல் அதில் வெள்ளை நூலை எந்த நெசவாளரும் நனையார்; அதே விதி இங்கும் பொருந்தும். ஒவ்வொரு முறையும் கழுவி, வெயிலில் உலர்த்தி, அனல் காட்டிய பின்னரே புதிதாகச் சுண்ணாம்பு தடவ வேண்டும். விரிசல் கண்ட கலயத்தைத் தள்ளிவிடுவதே இலாபம்.

சுண்ணாம்பு புதிதாக நீற்றியதாகவும், மணலும் கரித்தூளும் கலவாததாகவும் இருத்தல் வேண்டும். நாட்பட்டுக் காற்றுப்பட்ட சுண்ணாம்பு வீரியம் இழந்துவிடும். குறைந்தால் சாறு புளிக்கும். மிகுந்தால் பதநீர் நாவில் உறைக்கும், வெல்லம் கறுத்து இறுகாமற் போகும். சேகரித்த பதநீரை அலுமினியப் பாத்திரத்தில் வைத்தல் ஆகாது. சுண்ணாம்பின் காரம் அவ்வுலோகத்தை அரிக்கும். எவர்சில்வரோ நல்ல மண்பானையோ போதும். சோதனைக்கு லிட்மஸ் தாள் உண்டு. சிவப்புத் தாள் நீலமானால் சுண்ணாம்பு வேலை செய்கிறது. நீலத்தாள் சிவந்தால் சாறு புளித்துவிட்டது.

இனி என் கருத்து. கலயமும் சுண்ணாம்பும் மரம் ஏறுபவரின் பாடு, சங்கத்தின் வேலை வாங்கி விற்பதே என்று சிலர் வாதிக்கலாம். அது கூட்டுறவு நெறிக்கு ஒவ்வாது. பத்துப் பேரின் பதநீர் ஒரே தாச்சியில் காய்கிறது. ஒருவரது கலயம் கெட்டால் அன்றைய வெல்லம் முழுவதும் கெடும். நஷ்டம் பொதுவாய் இருக்கையில், அதனைத் தடுக்கும் செலவு மட்டும் தனி மனிதருடையதாய் இருப்பது எங்ஙனம் நியாயம்? மேலும், புளித்துப்போன சாற்றுடன் பிடிபடுபவர் மரம் ஏறியவரேயன்றிச் சங்கத்தின் நிர்வாகியல்லர். வறுமையால் பழைய கலயத்தையே மீண்டும் கட்டியவர், கள் இறக்கிய குற்றத்திற்கு ஆளாகக்கூடும்.

ஆதலின், பருவத் தொடக்கத்தில் ரொக்கக் கடனுடன் நின்றுவிடாமல், கலயத்தையும் சுண்ணாம்பையும் பொருளாகவே வழங்கச் சங்கங்கள் முன்வர வேண்டும். கொள்முதல் செய்யும் இடத்தில் லிட்மஸ் தாள் இருக்க வேண்டும். லிட்டர் கணக்குக்கு மட்டும் விலை தருவது நீர் கலப்போருக்கே ஊக்கமாகும். தரத்திற்கும் சேர்த்து விலை தர வேண்டும். இறக்குவதற்கும் விற்பதற்கும் உரிய அனுமதிகளைச் சங்கமே முன்னின்று பெற்றுத் தருதல் நன்று.

சந்தையைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ரமணாசிரமத்தின் முன்னால் செல்லும் செங்கம் சாலையில் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோர் வெள்ளமெனத் திரளுகின்றனர். சித்திரைப் பௌர்ணமியோ பதநீர் சுரக்கும் கோடையிலேயே வருகிறது. பதினான்கு கிலோமீட்டர் நடப்பவருக்கு நல்ல பதநீரைவிட உகந்த பானம் ஏது? ஆயின், காலையில் இறக்கியது இரவு வரை தாங்கும் என்று எண்ணிவிடலாகாது. குளிரில் வைத்துக் காக்க இயலாதாயின், விற்காமல் மிஞ்சியதை அன்றே காய்ச்சிக் கருப்பட்டியாக்கிவிட வேண்டும். ஒரு குவளை புளித்தது கைமாறினாலும் கெடுவது சங்கத்தின் பெயராகும்.

வரும் பருவத்திற்கு முன்னர் நடைபெறும் பேரவைக் கூட்டத்தில் கலயச் செலவைச் சங்கத்தின் கணக்கில் சேர்க்கும் தீர்மானத்தை அங்கத்தினர் கொண்டுவருவார்களாக. தொகை சிறிது, அதனால் காக்கப்படுவதோ மரம் ஏறுபவரின் கூலியும் மானமும் ஆகும்.