பிள்ளையின் வயது காத்திருக்காது

"முதலில் காணி கிடைக்கட்டும், கிணற்றை இறைப்போம், கூரை போடுவோம், புத்தகத்தைப் பிறகு பார்ப்போம்." இடம்பெயர்ந்த குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாளைய சோற்றுக்குக் கூலி வேலை தேடுகிறவரிடம் கதைப்புத்தகத்தைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனாலும் இந்தப் "பிறகு" எப்போது வரும் என்பதை நாங்கள் யோசிக்க வேண்டும்.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் சொந்தக் காணி திரும்பக் கிடைக்கவில்லை. அன்று நான்கு வயதாயிருந்த பிள்ளை இன்று தானே ஒரு தாயாகவோ தகப்பனாகவோ இருக்கலாம். தரிசாய்க் கிடந்த காணியை மீண்டும் உழுது பண்படுத்தலாம். பிள்ளையின் நான்கு வயது திரும்பி வராது.

"அதற்குத்தானே பள்ளிக்கூடம் இருக்கிறது" என்று சொல்வோரும் உண்டு. பள்ளிக்கூடம் எழுத்தைக் கற்பிக்கும், உண்மைதான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தோடு புத்தகத் தமிழும் புதிது. வீட்டில் "அவை வருகினம்" என்கிறோம். புத்தகத்தில் "அவர்கள் வருகிறார்கள்" என்று இருக்கிறது. ஐந்து வயதில் முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை, 247 எழுத்துக்களையும் அதுவரை காதில் விழாத ஒரு பேச்சையும் ஒன்றாக எதிர்கொள்கிறது. அதற்கு முன்பே யாராவது மடியில் இருத்தி வாசித்துக் காட்டியிருந்தால், அந்தப் பேச்சு காதுக்குப் பழகியிருக்கும். எழுத்தை மட்டும் பழகினால் போதும். பாரம் அவ்வளவுக்குக் குறையும்.

ஆகவே வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது எழுத்துப் படிப்பிப்பது அல்ல, வாசித்துக் காட்டுவதுதான். தடியை வைத்துக்கொண்டு "இது என்ன எழுத்து?" என்று கேட்டால், பிறகு புத்தகத்தைக் கண்டாலே பிள்ளைக்கு அடிதான் ஞாபகம் வரும். ஒரே கதையைப் பத்துத் தரம் கேட்டால் பத்துத் தரமும் வாசியுங்கள். அடுத்து வரப்போவதைப் பிள்ளை முந்திக்கொண்டு சொல்லும் நாளில் வாசிப்பு ஆசை வேர் விட்டுவிட்டது என்று எண்ணுங்கள்.

புத்தகம் வாங்க வசதி இல்லையா? விதைப் பைக்கற்றில் படமும் பெயரும் இருக்கின்றன. உரப்பையில் எழுத்து இருக்கிறது. கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டும் உதவும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிச் சிறுவர்களுக்காகப் பாடினார். அந்தப் பாட்டு மனப்பாடமாக உள்ள பெற்றோர் அதைச் சொல்லிக் கொடுக்கலாம். கமக்காரரின் பிள்ளைக்கு வெருளியை யாரும் விளக்கத் தேவையில்லை. தனக்குத் தெரிந்த பொருளை எழுத்தில் காணும் பிள்ளைக்கு எழுத்து அந்நியமாகத் தோன்றாது.

வாசிக்கத் தெரியாத தாய்மார் வெட்கப்பட வேண்டாம். மூத்த பிள்ளை வாசிக்கட்டும். தாயும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். அப்பாச்சியோ அம்மம்மாவோ பழைய கதை சொல்லட்டும். கதை கேட்டுப் பழகிய காது புத்தகத்தையும் விரும்பும். இது பெண்களின் வேலை என்று தகப்பன்மார் ஒதுங்கவும் கூடாது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். அந்த வைராக்கியத்தில் கொஞ்சம் இப்போது எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும். கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பிள்ளையை அமர்த்துவது சுலபம். ஆனால் பிள்ளை இடையில் கேட்கும் கேள்விக்கு அது நின்று பதில் சொல்லாது.

ஊர் வாசிகசாலைகளிடமும் ஒரு வேண்டுகோள். சிறு பிள்ளைகளுக்கென ஒரு பெட்டி புத்தகம் ஒதுக்குங்கள். தற்காலிக இடங்களில் இருக்கும் குடும்பங்களிடம் நிரந்தர முகவரி கேட்டு இரவல் மறுக்காதீர்கள். ஒரு புத்தகம் கிழிந்து திரும்பி வந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

காணி எப்போது கிடைக்கும் என்பது எங்கள் கையில் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் எங்கள் கையில் இருக்கிறது. அதை இன்றைக்கே தொடங்கலாம்.