சுட்ட நாக்கும் கெட்ட காதும்

சங்கீதப் பைத்தியம் என்று ஒன்று உண்டு. சாப்பாட்டுப் பைத்தியம் என்று ஒன்று உண்டு. இரண்டும் தனித்தனி வியாதிகள் என்றுதான் உலகம் நினைத்துக் கொண்டிருக்கிறது. ஆனால், நேயர்களே, இவை இரண்டும் ஒரே உடம்பில் குடித்தனம் செய்வதை நீங்கள் பார்த்ததில்லையா? மார்கழி மாதத்தில் சென்னையில் ஏதாவது ஒரு சபாவுக்குப் போய்ப் பாருங்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் சிலர் மெதுவாக நழுவுவார்கள். பின்தொடர்ந்து போனால் காண்டீனில் கண்டு பிடிக்கலாம்.

"இன்றைக்கு மைக் சரியில்லை, ஸார்! வயலின் கீச்சிடுகிறது; மிருதங்கம் பீப்பாய்க்குள்ளிருந்து வருகிறது" என்பார் ஒருவர். அடுத்த மூச்சில், "அடை நல்ல முறுகல். அவியலில்தான் தேங்காய் எண்ணெய் போதாது" என்பார். இரண்டு தீர்ப்பும் ஒரே குரலில், ஒரே கண்டிப்புடன் வெளியாகும்.

திருவள்ளுவரே கேள்வி என்ற அதிகாரத்தில் காதுக்கும் உணவு உண்டு என்று ஒப்புக்கொண்டு, வயிற்றை இரண்டாவது பந்திக்கு அனுப்பிவிட்டார். அவர் சொன்னது பெரியோர் சொல்லைக் கேட்பது பற்றி. நம் ரஸிகர்கள் அதைச் சற்று நீட்டி, இரண்டு பந்தியிலும் தாங்களே உட்கார்ந்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்!

இந்த இனத்தில் வீட்டோடு இருக்கும் பிரிவு ஒன்று உண்டு. பெரிய ஸ்பீக்கர்கள், கனமான ஆம்ப்ளிபயர், விரலளவு பருத்த கம்பிகள் எல்லாம் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் நண்பர்களைக் கூப்பிட்டுப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறவர்கள். அங்கே நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தம்பி, கறுப்பு இசைத்தட்டில் வருகிற குளுமை உன் ஸி.டி.யில் வராது. இது ஈயச் சொம்பில் வைத்த ரசம். உன்னுடையது எவர்சில்வர் ரசம்!"

"ரசம் சரி, அண்ணா. கூடவே நறநற என்று மணலும் வருகிறதே?"

"மணல் இல்லை, அப்பா. மிளகு தூக்கலாக இருக்கிறது!"

இந்தச் சண்டை இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1902-ம் வருஷம் கல்கத்தாவில் கெளஹர் ஜான் ஒரு புனலுக்கு முன்னால் நின்று பாடினார். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் பாட்டு. கலியாண விருந்தைத் தொன்னையில் அடைத்த மாதிரி! 1925-ல் புனல் போய் மைக் வந்தது. 1948-ல் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் பாடும் நீண்ட இசைத்தட்டு வந்தது. 1982-ல் ஸி.டி. வந்தது. அது ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறது.

பிறகு எம்.பி.3 வந்தது. அதன் தந்திரம் விசித்திரமானது. பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் சின்னச் சத்தம் எப்படியும் காதில் விழப் போவதில்லை. ஆகையால் அதை எடுத்தெறிந்துவிடலாம் என்பது அதன் சித்தாந்தம். சாம்பாரில் கிடக்கும் கறிவேப்பிலையை இலையோரம் ஒதுக்குகிறோமே, அதே சமாசாரம். அளவோடு ஒதுக்கினால் யாருக்கும் தெரியாது. இடத்தை மிச்சம் பிடிக்கிற பேராசையில் கறிவேப்பிலையோடு முருங்கைக்காயையும் சேர்த்து எறிந்துவிட்டால், தாளத்தின் 'ஜிங்' என்ற ஓசை தண்ணீரில் நனைந்த மாதிரி ஆகிவிடும்.

சரி, தட்டு உசத்தியா, ஸி.டி. உசத்தியா? அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. நாம் காதால்தான் கேட்கிறோமா?

ஸ்ட்ராடிவேரி செய்த வயலின் என்றால் உலகமே கன்னத்தில் போட்டுக் கொள்ளும். இத்தாலியில் கிரிமோனா என்ற ஊரில் 1737 வரை வாழ்ந்தவர். அவருடைய வயலின்கள் பல கோடி ரூபாய் பெறும். 2010-ம் வருஷம் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு பரீட்சை நடந்தது. பழைய இத்தாலிய வயலின்கள் மூன்று, புதிதாகச் செய்தவை மூன்று. தேர்ந்த வித்வான்கள் 21 பேர் வாசித்துப் பார்த்தார்கள். எது எதுவென்று தெரியாமலிருக்க, பற்றவைக்கும் பட்டறையில் போடுகிற கறுப்புக் கண்ணாடியை அவர்கள் கண்ணில் மாட்டினார்கள். அது மட்டுமா? பழைய மரத்தின் வாசனை காட்டிக் கொடுத்துவிடக் கூடாதென்று, மோவாய் படுகிற இடத்தில் ஒரு சொட்டு செண்டும் தடவினார்கள்!

"இவற்றில் எதை வீட்டுக்கு எடுத்துப் போக ஆசை?" என்று கேட்டபோது 13 பேர் புது வயலினைத்தான் காட்டினார்கள். ஆறில் அதிகமாக ஒதுக்கப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவேரி. இதனால் அந்த மகானுடைய கைவேலை மட்டம் என்று ஆகிவிடாது. காது கேட்பதாக நாம் நினைக்கிற சங்கீதத்தில் கண்ணும் மூக்கும் விலைச் சீட்டும் சேர்ந்து பக்கவாத்தியம் வாசிக்கின்றன என்றுதான் ஏற்படுகிறது.

சாப்பாட்டிலோ காது வந்து மூக்கை நுழைக்கிறது. 2004-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள், சிலரை உருளைக் கிழங்கு வறுவல் கடிக்கச் சொல்லி, அந்தக் கடிக்கும் சத்தத்தையே அவர்கள் காதில் மாட்டிய ஹெட்போனில் திருப்பி ஒலிக்கச் செய்தார்கள். சத்தத்தைக் கூட்டியபோது, "ஆஹா, மொறுமொறுவென்று புதிதாக இருக்கிறது" என்றார்கள் கடித்தவர்கள். குறைத்தபோது, "நமுத்துப் போய்விட்டது" என்றார்கள். வறுவல் என்னவோ மாறவே இல்லை! அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்காவிட்டால் அப்பளத்தில் பாதி போய்விட்டது என்று நம் பாட்டிமார் ஹெட்போன் இல்லாமலே கண்டு பிடித்திருப்பார்கள்.

ஆகையால், வீட்டில் யாராவது, "இந்தக் கம்பி போட்டதும் சங்கீதமே மாறிவிட்டது!" என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். காப்பிப் பரீட்சை ஒன்று வையுங்கள். ஒரே மாதிரி மூன்று டம்ளர். ஒன்றில் சிக்கரி கலக்காத காப்பி, மற்ற இரண்டில் சிக்கரி கலந்தது. அடியில் எண் எழுதிவிட்டு, கலந்தவர் அடுக்களைக்குள் போய்விட வேண்டும். அவர் முகமும் காட்டிக் கொடுக்கும், பாருங்கள்! குடிக்கிறவர் வேறுபட்ட டம்ளரைப் பல தடவை சரியாகச் சொன்னால் சபாஷ். கம்பிக்கும் இதே பரீட்சைதான். ஆனால் இரண்டிலும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று ஓர் இம்மி உரக்க ஒலித்தாலும் போதும். அதுதான் தெளிவு என்று காது தீர்ப்பு எழுதிவிடும். உப்பு ஒரு கல் கூடுதலாக விழுந்த சாம்பாருக்கு முதல் கவளத்தில் கிடைக்கிற பாராட்டு மாதிரி.

"அப்படியானால் பணத்தை எதில்தான் போடுவது?" என்று கேட்கிறீர்களா? முதலில் அறையைப் பாருங்கள். 1895-ம் வருஷம் ஹார்வார்டு சர்வகலாசாலையில் ஒரு பிரசங்க மண்டபத்தில் பேசினால் ஒரு வார்த்தையும் புரியாது. ஒரு சத்தம் அடங்க ஐந்தரை வினாடி ஆகுமாம். வாலஸ் ஸபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் அதைச் சரிப்படுத்தும்படி சொன்னார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து அரங்கத்திலிருந்த ஆசன மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்பி, எத்தனை மெத்தைக்கு எத்தனை வினாடி எதிரொலி குறைகிறது என்று கணக்கெடுத்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்! அந்த மெத்தைக் கணக்கிலிருந்துதான் ஒரு புதிய சாஸ்திரமே பிறந்தது. 1900-ல் திறந்த பாஸ்டன் ஸிம்பனி மண்டபம் அந்தக் கணக்கின்படி அமைந்தது.

வெறும் சுவரும் சலவைக்கல் தரையும் உள்ள கூடத்தில் லட்ச ரூபாய் ஸ்பீக்கரை வைப்பது, ஓட்டைப் பாத்திரத்தில் பால் பாயசம் காய்ச்சுவது போலத்தான். ஒரு ஜமக்காளம், கனமான திரை, புத்தக அலமாரி ஆகியவை போதும். கம்பி செய்யாத உபகாரத்தை அவை செய்யும். வீட்டு அம்மாள் பல வருஷமாகத் திரைச்சீலை வாங்கச் சொல்லிக் கொண்டிருந்தால், அவள்தான் அந்த வீட்டில் மெய்யான ஒலி நிபுணி!

இதுவரை வேடிக்கை. இனிச் சொல்லப் போவது வேடிக்கையில்லை.

சூடான காப்பியை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக் கொள்கிறோம். நாலு நாள் ருசி தெரியாது, பிறகு சரியாகிவிடும். ஏனென்றால், நாக்கில் சுவை அறியும் அணுக்கள் சுமார் பத்து நாளைக்கு ஒரு தடவை பழையது போய்ப் புதிதாக முளைக்கின்றன. பகவான் நாக்குக்கு அவ்வளவு தாராளம் காட்டியிருக்கிறார். காது விஷயத்தில் அப்படியில்லை. ஒவ்வொரு காதின் உள்ளேயும் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பில் சுமார் 15,000 மெல்லிய மயிர் அணுக்கள் இருக்கின்றன. பிறக்கும்போது கிடைத்த மூலதனம் அவ்வளவுதான். ஒன்று அழிந்தால் மனிதருக்கு இன்னொன்று முளைப்பதில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு கணக்குச் சொல்லுகிறது. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெஸிபல். 80 டெஸிபல் சத்தத்தை வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெஸிபல் ஆனாலோ, வாரத்துக்கு 4 மணி நேரந்தான். பத்துதானே கூடியது என்று எண்ண வேண்டாம். மூன்று டெஸிபல் கூடினாலே காதில் இறங்கும் சக்தி இரட்டிப்பாகிறது. 12 வயதிலிருந்து 35 வயது வரையிலுள்ளவர்களில் நூறு கோடிக்கு மேற்பட்டவர்கள், உரக்கப் பாட்டுக் கேட்டே காதை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அந்த ஸ்தாபனம் 2022-ல் எச்சரித்தது.

அவர்களில் ஒருவன் உங்கள் வீட்டு மாடியிலேயே இருக்கலாம். காதில் இரண்டு குமிழைச் செருகிக் கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத்தான் சொல்கிறேன். பஸ் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்று அவன் சத்தத்தைக் கூட்டுகிறான். வீட்டுக்கு வந்த பிறகு குறைக்க மறந்துவிடுகிறான். வலி இல்லை, ரத்தம் இல்லை. முதலில் மேல் ஸ்தாயியின் மெல்லிய ஓசைகள்தான் சொல்லிக் கொள்ளாமல் விடை பெற்றுப் போகும். வயதானால் எப்படியும் அவை போகத்தான் போகின்றன. நல்ல ஸ்பீக்கர் வாங்கப் பணம் சேருகிற வயதில் கேட்கக் காது இராது! முறுக்குக்கும் பல்லுக்கும் உள்ள பழைய விரோதந்தான் இங்கேயும்.

கலியாண மண்டபங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லிசைக் கச்சேரியின் ஸ்பீக்கரை மணமக்களைக் காட்டிலும் உயரமாக அடுக்கி வைக்கிறார்கள். பந்தியில் "சாம்பாரா, ரசமா?" என்று ஜாடையில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 2015-ல் அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் ஆராய்ந்து பார்த்தார்கள். விமானத்துக்குள் இருப்பது போன்ற 85 டெஸிபல் இரைச்சலில் நாக்குக்கு இனிப்பு மங்கித் தெரிந்தது. தக்காளியில் உள்ள 'உமாமி' என்ற சுவைதான் தூக்கலாகத் தெரிந்தது. ஆக, பெண்ணைப் பெற்றவர் முந்திரியும் நெய்யுமாகக் கொட்டி வைத்த பாயசத்தை அந்த ஸ்பீக்கரே பாதி குடித்துவிடுகிறது, ஸ்வாமி! காண்ட்ராக்டரிடம் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறவர்கள், சத்தத்தைப் பற்றியும் பேசினால் என்ன?

ஆகவே, நேயர்களே, ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூடட்டும், தட்டா ஸி.டி.யா என்று வாதாடட்டும். ஈயச் சொம்பும் எவர்சில்வரும் மோதட்டும். அந்தப் பேச்சில் ஒரு ருசி இருக்கிறது. அதை எந்த யந்திரமும் பதிவு செய்துவிட முடியாது. ஆனால், பக்கத்திலிருப்பவர் "இன்னும் ஒரு வடை?" என்று சாதாரணக் குரலில் கேட்டால் உங்கள் காதில் விழ வேண்டும். பாட்டின் சத்தத்துக்கு அதுதான் எல்லை. விழவில்லையென்றால் உடனே எழுந்து போய்க் குமிழைத் திருப்புங்கள்.

இல்லாவிட்டால், இன்றைக்கு நஷ்டம் ஒரு வடை. நாளைக்கு நஷ்டம், பேரக்குழந்தையின் மழலை.