முற்பணமும் முற்றுப்பெறாப் படைப்பும்: விஞ்ஞானப் புனைவு விளையாட்டுக்கள் பற்றி ஒரு நோக்கு

கணினி விளையாட்டுக்களுள் பாத்திரமேற்று ஆடும் வகை தனித்துவமானது. ஆடுபவர் கதைமாந்தருள் ஒருவராக நின்று, தம் முடிவுகளாற் கதையை நடத்திச் செல்வது அதன் இயல்பு. விஞ்ஞானப் புனைவைப் பொருளாகக் கொண்ட இவ்வகைப் புதிய ஆக்கமொன்று அறிவிக்கப்படும் போதெல்லாம் ஆர்வலரிடையே இரண்டு உணர்வுகள் ஒருங்கே தோன்றுகின்றன. ஒன்று எதிர்பார்ப்பு, மற்றையது அச்சம். கதை எவ்வாறு அமையும் என்று வினவும் அதே வாய், வெளியீட்டு நாளில் அது ஒழுங்காக இயங்குமா என்றும் வினவுகின்றது. நாளை மழை பெய்யுமா என்னும் ஐயத்தைப் போல, இவ்வச்சமும் இயற்கையானதொன்றாகவே கொள்ளப்பட்டு வருகின்றது. அவ்வாறு கொள்வதுதான் தவறு. வெளியீட்டு நாளின் வழுக்கள் வானத்திலிருந்து விழுபவையல்ல. அவை ஒரு கொடுக்கல் வாங்கல் முறையின் விளைவுகள். பொருள் முடிவடைவதற்கு முன்னரே விலை பெறப்படுவதும், பொருளின் உண்மை நிலை வாங்குவோருக்கு மறைக்கப்படுவதுமே அம்முறையின் இரு தூண்கள்.

இதற்குத் தக்க உதாரணம் போலந்தின் வார்சோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சீடீ புரொஜெக்ட் நிறுவனத்தின் 'சைபர்பங்க் 2077' ஆகும். 1988இல் மைக் பொண்ட்ஸ்மித் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய மேசை விளையாட்டைத் தழுவிய இவ்வாக்கம் 2012 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. பெருங்கம்பனிகள் அரசின் இடத்தைப் பிடித்துக்கொண்ட எதிர்கால நகரொன்றில் மனித உடலே விற்பனைப் பண்டமாகிவிட்ட நிலையை அது சித்திரிக்கின்றது. 2015இல் வெளிவந்த 'தி விட்சர் 3' அந்நிறுவனத்துக்குப் பெரும்புகழ் ஈட்டியிருந்தமையால் எதிர்பார்ப்பு எல்லை கடந்தது. 2019 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸ் மேடையொன்றில் நடிகர் கியானு ரீவ்ஸ் தோன்றி, 2020 ஏப்ரல் 16இல் விளையாட்டு வெளிவரும் என்று அறிவித்தார். முன்பதிவும் அதனையொட்டியே தொடங்கியது. வாங்குவோரின் பணம் புறப்பட்டுவிட்டது. வாங்கப்படும் பொருளோ இன்னும் பட்டறையில் இருந்தது.

ஏப்ரல் 16 என்ற நாள் செப்டெம்பர் 17 ஆயிற்று. அது பின்னர் நவம்பர் 19 ஆயிற்று. ஒக்டோபர் தொடக்கத்தில், ஆக்கம் வட்டுகளிற் பதிக்கத் தயாராகிவிட்டதென நிறுவனம் பெருமையுடன் அறிவித்தது. அதே மாதம் 27ஆந் திகதி மேலும் மூன்று வார ஒத்திவைப்பு அறிவிக்கப்பட்டது. ஈற்றில் 2020 டிசெம்பர் 10இல் விளையாட்டு வெளியாயிற்று. நத்தார் விற்பனைக் காலம் தவறவிடப்படாதிருந்தமை தற்செயலானதென்று கொள்வது கடினம்.

அன்று வெளிப்பட்டவை சிறு குறைகளல்ல. 2013இல் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய பொறிகளில் நகரக் காட்சிகள் உரிய வேளையில் உருப்பெறவில்லை. இயக்கம் இடையிடையே முற்றாக நின்றுபோயிற்று. கணினியிலோ, சேமிக்கப்பட்ட ஆட்டத்தின் கோப்பு 8 மெகாபைற்று அளவைத் தாண்டியதும் பழுதடைந்தது. நெடுநேரம் ஆடியவரே, அதாவது விளையாட்டை மிக விரும்பியவரே, அதிகம் இழந்தனர். டிசெம்பர் 17ஆந் திகதி சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து இவ்விளையாட்டை நீக்கி, பணத்தை மீள அளிக்கவும் முன்வந்தது. 2021 ஜூன் 21 வரை அது அக்கடைக்குத் திரும்பவில்லை.

இவ்வளவு பெரிய குறை வாங்குவோருக்கு முன்கூட்டியே தெரியாதிருந்தமை எவ்வாறு? விமரிசகருக்கு வெளியீட்டுக்கு முன் கணினிப் பதிப்பு மாத்திரமே வழங்கப்பட்டிருந்தது. வலுவான கணினிகளில் ஆடியவர்கள் எழுதிய பாராட்டுக்களைப் படித்துவிட்டு, பழைய பொறிகளை வைத்திருந்தவர்கள் பணம் செலுத்தினர். வெளியீட்டுக்குச் சில நாள்களின் பின் பங்குதாரருக்கு விளக்கமளித்த முகாமைத்துவச் சபை, பழைய பொறிகளுக்கு மேலதிக காலம் தேவை என்ற அறிகுறிகளைத் தான் பொருட்படுத்தவில்லை என ஒப்புக்கொண்டது. பிழை தெரியாமல் நேர்ந்ததன்று. தெரிந்தும் பின்தள்ளப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின்தள்ளுவதற்கு ஏதுவாயிருந்தது எது என்பதையும் அந்நிறுவனத்தின் அறிக்கையே காட்டுகின்றது. வெளியீட்டுக்கு முன்னரே ஏறத்தாழ 80 இலட்சம் பிரதிகள் பதிவாகியிருந்தன. இணைய வழி முன்பதிவுகளால் மட்டும் கிடைக்கவேண்டிய வருமானம், விளையாட்டை உருவாக்கிய செலவையும் 2020 இறுதி வரையான விளம்பரச் செலவையும் சேர்த்த தொகையை விஞ்சிவிட்டதாக நிறுவனம் வெளியீட்டையொட்டி அறிவித்தது. இதன் பொருள் கூர்ந்து நோக்கற்பாலது. வாங்கியவர்களுள் ஒருவரேனும் ஆடி மதிப்பிடுவதற்கு முன்னரே போட்ட முதல் முழுவதும் மீண்டுவிட்டது. சந்தையில் தரத்தைக் காப்பது நுகர்வோரின் தெரிவு என்று பொருளியற் பாடநூல்கள் கூறும். இங்கு அத்தெரிவு, பொருள் கண்ணிற் படுவதற்கு முன்னரே கைமாறிவிட்டது. தரத்தைப் பேணுவதற்கு உருவாக்குவோரின் மனச்சாட்சி ஒன்றே எஞ்சியது. காலாண்டுக் கணக்கின் முன் மனச்சாட்சி நெடுநேரம் நிற்பதில்லை.

இம்முறைக்குச் சார்பாக மூன்று வாதங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, இத்தகைய ஆக்கங்கள் மிகவும் சிக்கலானவை; ஆகவே வழுக்கள் தவிர்க்கவியலாதவை என்பது. இதில் உண்மை உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இருபது முடிவுகளை, ஆம் அல்லது இல்லை என்ற அளவிலேனும், ஆடுபவரிடம் விட்டால் கதையின் நிலைகள் 10,48,576 ஆகிவிடுகின்றன. அவ்வனைத்தையும் எந்தப் பரிசோதகரும் ஆடிப்பார்த்தல் இயலாது. ஆயினும், அரிதான முடிவுகளின் சேர்க்கையிற் பதுங்கியிருக்கும் வழு வேறு; விளையாட்டைத் தொடங்கிய சிறிது நேரத்தில் எவர் கண்ணிலும் படும் வழு வேறு. பழைய பொறியில் நகரம் உருப்பெறாமை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சிக்கலென்பது முதலாவதை மன்னிக்கும், இரண்டாவதை மன்னிக்காது.

இரண்டாவது வாதம், பின்னர் திருத்தங்கள் வந்துவிடுகின்றன, இறுதியில் யாவும் நன்மையாகவே முடிகின்றன என்பது. 2023 செப்டெம்பர் 21இல் வெளிவந்த 2.0 என்னும் திருத்தமும், அதனைத் தொடர்ந்த 'பாந்தம் லிபேர்ட்டி' என்னும் விரிவாக்கமும் இவ்விளையாட்டைச் சிறந்த ஆக்கமாக மாற்றின என்பது மறுக்கத்தக்கதன்று. ஆனால் அந்த 2.0 திருத்தம் பிளேஸ்டேசன் 4க்கும் எக்ஸ்பொக்ஸ் வன்னுக்கும் வழங்கப்படவேயில்லை. மிக அதிகமாக ஏமாற்றப்பட்டவர்கள் எவரோ, அவர்களுக்குத்தான் அந்தப் பரிகாரம் மறுக்கப்பட்டது. புதிய பொறியொன்றை விலைகொடுத்து வாங்கினாலன்றி, அவர்கள் 2020இற் செலுத்திய பணத்துக்குரிய பொருள் 2023இலும் அவர்களை வந்தடையவில்லை. 'இறுதியில் நன்மை' என்னும் கூற்று, இரண்டாவது தடவையும் செலவிட வசதி படைத்தோரின் கூற்றேயாகும்.

மூன்றாவது வாதமே மிகவும் பரவலானது. மிகவும் மேலோட்டமானதும் அதுவே. இது வெறும் விளையாட்டுத்தானே, இதற்கு இத்துணை ஆரவாரம் ஏன் என்று கேட்கப்படுகின்றது. விளையாட்டின் பின்னால் உழைப்பு இருக்கின்றது என்பதை இக்கேள்வி மறந்துவிடுகின்றது. ஊழியரைக் கட்டாய மேலதிக நேர வேலைக்கு உட்படுத்துவதில்லை என 2019இற் பகிரங்கமாக உறுதிகூறிய அந்நிறுவனம், 2020 செப்டெம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலையைக் கட்டாயமாக்கியது. மேலதிக வேலைக்கு ஊதியம் வழங்கப்பட்டதாயினும், உறுதிமொழி முறிந்தது முறிந்ததே. 2023 ஜூலையில் ஏறத்தாழ நூறு ஊழியர் பணிநீக்கம் செய்யப்படவுள்ளதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் போலந்தின் விளையாட்டு உருவாக்கத் தொழிலாளர் சங்கம் தன் தோற்றத்தை அறிவித்தது. முன்கூட்டியே விற்கப்பட்ட நாளொன்று முதலில் அழுத்துவது உழைப்பவரின் கழுத்தையே. வாங்குவோர் பொறுமையின்றிச் செலுத்தும் முற்பணம் அவ்வழுத்தத்தின் ஒரு பகுதி என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

நீதி யாருக்குக் கிடைத்தது என்பதையும் நோக்கலாம். அமெரிக்காவில் இவ்விடயமாகத் தொடுக்கப்பட்ட குழு வழக்கு 18.5 இலட்சம் டொலர் இணக்கத் தொகையுடன் முடிவுக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் பங்கு வாங்கியவர்கள், விளையாட்டை வாங்கியவர்களல்லர். பங்கின் விலை வீழ்ந்தமை நட்டமெனக் கணக்கிடத்தக்கதாயிற்று. எட்டாண்டுகள் காத்திருந்த ஒருவர், கதையொன்றை முதன்முறையாக அனுபவிக்கும் வாய்ப்பைச் சிதைந்த நிலையிற் பெற்றமைக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. பணம் மீள அளிக்கப்படலாம். முதல் அனுபவம் மீள அளிக்கப்பட முடியாதது. கதையின் திருப்பங்களை ஒருமுறை அறிந்துவிட்டவர் அறியாதவராக மீண்டும் ஆதல் இயலாது. கலைப்படைப்பொன்றின் குறைபாட்டைச் சாதாரண பண்டத்தின் குறைபாட்டிலிருந்து வேறுபடுத்துவது இதுவேயாகும்.

மாற்றுவழி இல்லையென்பதும் பொய். பெதெஸ்டா நிறுவனத்தின் விண்வெளி விளையாட்டான 'ஸ்டார்பீல்ட்' 2022 நவம்பர் 11இல் வெளிவருவதாக இருந்து, 2023 செப்டெம்பர் 6க்கு ஒத்திவைக்கப்பட்டது. அதன் கதையும் அமைப்பும் பலத்த கண்டனத்துக்கு உள்ளாகினும், அந்நிறுவனத்தின் முன்னைய ஆக்கங்களோடு ஒப்பிடுகையில் வெளியீட்டு நாள் வழுக்கள் குறைவாகவே இருந்தன. பத்து மாதத் தாமதம் பயனற்றுப் போகவில்லை. எனினும் அதே விளையாட்டை ஐந்து நாள் முன்னதாக ஆடும் உரிமை கூடுதல் விலைக்கு விற்கப்பட்டது. பொறுமையின்மையே தனிப்பண்டமாகிவிட்டமைக்கு இது சான்று. மறுபுறம், பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 'பல்டர்ஸ் கேட் 3' என்னும் விளையாட்டை 2020 ஒக்டோபரில் முற்றுப்பெறாத ஆக்கமென்று வெளிப்படையாகக் கூறியே விற்றது. 2023 ஓகஸ்டில் முழுமைப்படுத்தியது. அது விஞ்ஞானப் புனைவன்று. அதன் இறுதிப் பகுதியிலும் வழுக்கள் இருந்தன. ஆயினும் பணம் கொடுத்தவர் எதற்குக் கொடுக்கின்றோம் என அறிந்தே கொடுத்தார். முற்பணத்தைக் குற்றமாக்குவது மறைப்பே என்பதை இவ்வேறுபாடு புலப்படுத்துகின்றது.

சட்டம் மெல்ல விழித்துக்கொள்கின்றது. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், இலக்கமுறை ஆக்கங்களும் திருப்தியான தரத்தில் இருத்தல் வேண்டுமென விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பணிப்புரை, ஒப்பந்தத்திற் கூறியவாறு இலக்கமுறை உள்ளடக்கம் அமைதல் வேண்டுமென்ற கடப்பாட்டை 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இவையாவும் பிழை நேர்ந்தபின் கைகொடுப்பவை. பிழை நேராமற் காக்கும் ஆற்றல், பணப்பையைத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிப்பவரிடமே உள்ளது.

2022 ஒக்டோபரில் சீடீ புரொஜெக்ட் நிறுவனம் சைபர்பங்க் விளையாட்டின் தொடர்ச்சியை உருவாக்கப்போவதாக அறிவித்தது. அறிவிப்போடு எதிர்பார்ப்பும் அச்சமும் மீண்டும் பிறந்துவிட்டன. எதிர்பார்ப்பு குற்றமன்று; கற்பனை உலகொன்றுக்காக ஏங்குவது மனிதருக்கு அழகே. ஆனால் அஞ்சிக்கொண்டே முன்பதிவு செய்பவர், தாம் அஞ்சுவதற்குத் தாமே முதலீடு செய்கின்றார். அவர் செய்யவேண்டியது எளியது. வெளியீட்டு நாளுக்கு முன் ஒரு சதமும் செலுத்தாதிருத்தல். தாம் வைத்திருக்கும் பொறியிலேயே ஆடிப்பார்த்தவர் எழுதிய மதிப்பீடு வரும்வரை காத்திருத்தல். அப்பொறிக்குரிய பிரதியை விமரிசகருக்கு வழங்காத நிறுவனம் எதையோ மறைக்கின்றது என்று கொள்ளுதல். எட்டாண்டு காத்திருந்தவருக்கு மேலும் இரண்டு வாரம் பெரிதன்று. அவ்விரண்டு வாரப் பொறுமையை இலட்சக்கணக்கானோர் ஒருங்கே கடைப்பிடிப்பராயின், முற்றுப்பெறாத படைப்பை விற்பது நட்டமாகும். நட்டமென்று ஆன மறுகணமே, அது தவிர்க்கவியலாதது என்னும் வாதமும் மறைந்துவிடும்.