நல்லிணக்கப் பணியில் வழக்கறிஞர்: கனடாவின் தொல்குடி மக்களை முன்வைத்து

தம் நிலத்தை மீட்க வழக்குத் தொடுப்பதற்காக ஒரு மக்கள் கூட்டத்தார் தமக்குள் பணம் திரட்டுவதே குற்றம் என்று ஒரு சட்டம் கூறுமாயின், அந்நாட்டில் நீதிமன்றத்தின் கதவு யாருக்காகத் திறந்திருந்தது என்று கேட்கத் தோன்றும். கற்பனையாகக் கேட்கும் கேள்வியன்று இது. 1927ஆம் ஆண்டு கனடா நாட்டு 'இந்தியர் சட்டம்' திருத்தப்பட்டபோது அதில் 141ஆம் பிரிவு இடம்பெற்றது. (அங்கே 'இந்தியர்' என்பது நம்மைக் குறிக்கும் சொல்லன்று, கொலம்பசின் பிழை சட்டப் புத்தகத்திலும் ஏறிக்கொண்டதன் விளைவு.) அரசின் எழுத்து மூலமான இசைவின்றித் தொல்குடியினரின் உரிமைக் கோரிக்கைக்கென எவரும் அவர்களிடம் பணம் பெறலாகாது என்றது அப்பிரிவு. பணமின்றி வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரின்றி வழக்கும் இல்லை. இத்தடை 1951 வரை நீடித்தது.

இதனினும் வியப்பானது 1876ஆம் ஆண்டின் மூலச்சட்டம். தொல்குடியைச் சார்ந்த ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டாலோ, அந்நொடியே சட்டத்தின் கண்ணில் அவர் 'இந்தியர்' அல்லாதவர் ஆகிவிடுவார் என்று அது விதித்தது. சில ஆண்டுகளில் இக்கட்டாயம் நீக்கப்பட்டதெனினும் அதன் உட்பொருள் தெளிவாகவே இருந்தது. படித்தவன் தன் மக்களோடு இருத்தல் ஆகாது. தன் மக்களோடு இருப்பவன் படித்தல் ஆகாது. இந்த வரலாற்றை நெஞ்சில் இருத்திக்கொண்டே, அந்நாட்டு வழக்கறிஞர்கள் நல்லிணக்கத்திற்கு என்ன செய்ய இயலும் என்னும் வினாவை நாம் அணுகுதல் வேண்டும். சட்டத்துறை இவ்விவகாரத்தில் வெளியிலிருந்து உதவ வரும் நடுவர் அன்று. காயத்தை உண்டாக்கிய கைகளுள் அதுவும் ஒன்று.

இதை அத்துறையே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லலாம். 1864இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சில்கோட்டின் மக்களின் நிலத்தில் சாலை அமைக்க வந்தோருக்கும் அம்மக்களுக்கும் மோதல் மூண்டு உயிர்கள் மாண்டன. அமைதிப் பேச்சுக்கு என்று நம்பி வந்த தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மேத்யூ பெக்பி என்னும் நீதிபதி முன் விசாரணை நடந்து, ஐவர் அவ்வாண்டு அக்டோபரில் தூக்கிலிடப்பட்டனர். அந்தப் பெக்பியின் சிலைதான் அம்மாகாண வழக்கறிஞர் சங்கக் கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் நெடுங்காலம் நின்றது. 2017இல் சங்கமே அதனை அகற்றியது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்று குறை கூறியோர் உண்டு. தம் பாட்டனைத் தூக்கிலிட்டவரின் உருவத்தைக் கடந்து சென்றுதான் ஒருவர் நீதி கேட்க வேண்டுமா என்பதே என் எதிர்வினா. அதே சில்கோட்டின் மக்களுக்கு ஏறத்தாழ 1,700 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மீது தொல்குடி உரிமை உண்டென 2014இல் கனடா உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்புக்கு அந்நீதிமன்றம் அவ்வாறு அறிவித்தது அதுவே முதன்முறை. கீழ் நீதிமன்றத்தில் மட்டும் அவ்வழக்கு 339 நாட்கள் நடந்தது. சிலையை அகற்ற ஒரு நாள் போதும். வழக்கை நடத்தத்தான் வழக்கறிஞர் வேண்டும்.

அவ்வகையில் நினைக்கத் தக்கவர் தாமஸ் பெர்ஜர். நிஸ்கா மக்களின் தலைவர் ஃபிராங்க் கால்டர் தொடுத்த வழக்கை அவர் ஏற்று நடத்தினார். 1973இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது கணக்குப்படி நிஸ்கா மக்கள் தோற்றனர். எனினும், ஐரோப்பியர் வருமுன்பே அம்மக்களுக்கு நில உரிமை இருந்தது, அது சட்டம் அறியும் உரிமையே என்று நீதிபதிகளுள் பெரும்பாலோர் ஏற்றனர். அதன் பின்னரே அரசு பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. நிஸ்கா உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தோற்ற வழக்கு என்று ஏட்டில் எழுதப்பட்ட ஒன்று ஒரு நாட்டின் போக்கையே மாற்றியது! பின்னர் மெக்கன்சி பள்ளத்தாக்கின் எரிவாயுக் குழாய்த் திட்டம் பற்றி ஆராயப் பெர்ஜர் அமர்த்தப்பட்டபோது, தலைநகரில் அமர்ந்து மனுக்களை வாங்கவில்லை. 35 குடியிருப்புகளுக்குத் தாமே சென்று, வேட்டையாடுவோரும் மூதாட்டியரும் தத்தம் மொழியில் சொன்னதைக் கேட்டார். திட்டத்தைப் பத்தாண்டுகள் தள்ளிவைக்குமாறு 1977இல் பரிந்துரைத்தார்.

கேட்டல் என்பது எளிய செயலாகத் தோன்றும். நீதிமன்றத்தில் அது எத்துணை அரிது என்பதற்கு டெல்கமூக் வழக்கே சான்று. கிட்க்சான், வெட்சுவெட்டென் ஆகிய இரு மக்களும் தம் நில உரிமையை நாட்ட, வழிவழியாக வந்த வாய்மொழி வரலாறுகளையும் பாடல்களையும் சான்றாக வைத்தனர். மேரி ஜான்சன் என்னும் மூதாட்டி தம் குலப்பாடலைப் பாட முற்பட்டபோது, தம் செவிக்கு இசை ஏறாது, எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்னும் கருத்துப்படப் பேசினார் நீதிபதி. அப்பாடலே அவர்களுக்கு நிலப்பத்திரம். பத்திரத்தைப் படிக்காமல் தீர்ப்பெழுத முடியுமா? 1991இல் வந்த தீர்ப்பு அம்மக்களுக்கு எதிராக அமைந்தது. 1997இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணங்களுக்கு நிகராக வைத்து எடைபோட வேண்டுமென்றது. ஆயினும் நில உரிமையை முடிவு செய்யாது, புதிய விசாரணைக்கு விட்டது. இத்தகைய சான்றை நீதிமன்றத்திற்குப் புரியும்படி கொண்டுசேர்க்கும் பொறுப்பு வழக்கறிஞருடையது. அதற்கு அவர் முதலில் அம்மக்களிடம் மாணவராக அமர்ந்தாக வேண்டும்.

இனி எதிர்த்தரப்பில் நிற்கும் வழக்கறிஞரைப் பற்றியும் பேசியாக வேண்டும். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, 1,50,000க்கும் மேற்பட்ட தொல்குடிச் சிறார்கள் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். அங்கே துன்புற்றோர்க்கு இழப்பீடு வழங்க 2006இல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்டாரியோவின் செயின்ட் ஆன் பள்ளி பற்றிய காவல்துறைப் புலனாய்வு ஆவணங்கள் அரசிடம் இருந்தும், இழப்பீடு கேட்டவர்களுக்கு அவை வழங்கப்படவில்லை. 2014இல் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே வெளிவந்தன. கட்சிக்காரரின் நலன் காப்பதே தொழில் தருமம் என்பர். அரசே கட்சிக்காரராக இருக்கும்போது அதன் நலன் எது? உண்மையை மூடி வெல்வது அரசின் நலன் ஆகாது என்பேன். முதல் தொல்குடிச் சட்ட அமைச்சரான ஜோடி வில்சன்-ரேபோல்ட் 2019 ஜனவரியில் அரசு வழக்கறிஞர்களுக்கு வழங்கிய நெறிமுறை இக்கருத்தையே அடியொற்றியது. வழக்கைவிடப் பேச்சுவார்த்தையே முதன்மை. காலம் கடந்துவிட்டது என்பன போன்ற தடைவாதங்களை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று அது கூறியது.

பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் தூயோர் என்றும் கொள்ள வேண்டா. இழப்பீட்டுப் பணத்தில் தம் பங்கைப் பெருக்கிக்கொள்ள முனைந்தவர்களும் இருந்தனர். 2012இல் ஒருவரை நீதிமன்றமே இப்பணியிலிருந்து விலக்கியது. புண்ணைக் காட்டி மருந்து கேட்க வந்தவரிடம் இருமுறை கொள்ளையடித்தல் அது.

மரே சின்க்ளேர் தலைமையிலான உண்மை, நல்லிணக்க ஆணையம் (அவரும் தொல்குடியினர், வழக்கறிஞராயிருந்து நீதிபதியானவர், 2024இல் மறைந்தார்) 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. வழக்கறிஞர் ஒவ்வொருவரும் இவ்வரலாற்றையும் உடன்படிக்கைகளையும் தொல்குடியினரின் சொந்தச் சட்டங்களையும் கற்க வேண்டும் என்பது 27ஆவது. சட்டக் கல்லூரி மாணவர்க்கு அது கட்டாயப் பாடமாக வேண்டும் என்பது 28ஆவது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் அத்தகைய பயிற்சி கட்டாயமாக்கப்பட்டபோது, கட்டாயக் கல்வி உரிமைக்கு எதிரானது என்று ஒரு சாரார் கிளர்ந்தனர். 2023 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்த வழக்கறிஞருள் ஏறத்தாழ நான்கில் மூவர் அவ்வெதிர்ப்பைத் தள்ளினர். எதிர்த்தவர்களின் அச்சத்தை நான் முற்றிலும் இகழவில்லை. கருத்தைத் திணிப்பது வேறு. அறியாமையை நீக்குவது வேறு. சொத்துரிமைச் சட்டம் படியாதவர் வழக்காட வரலாமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சொத்து எவரிடமிருந்து எப்படி வந்தது என்பதைப் படிக்கச் சொன்னால் மட்டும் ஏன் கசக்கிறது?

தொல்குடியினரின் சட்டம் என்றவுடன் அதை வெறும் வழக்கம், சடங்கு என்று கருதுவோர் உளர். விக்டோரியா பல்கலைக்கழகம் 2018இல் தொல்குடிச் சட்டத்தையும் கனடாவின் பொதுச்சட்டத்தையும் ஒருங்கே கற்பிக்கும் இரட்டைப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. அதன் உருவாக்கத்தில் பங்குகொண்ட ஜான் பாரோஸ் அனிஷினாபே இனத்தைச் சார்ந்த சட்ட அறிஞர். பட்டம் பெற்றால் இனத்தைத் துறக்க வேண்டும் என்ற 1876ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இதனினும் நல்ல மறுமொழி இல்லை.

கனடாவில் வாழும் நம் தமிழர்க்கும் இதில் தொடர்பு உண்டு. புதுக் குடியுரிமை ஏற்போர் எடுக்கும் உறுதிமொழியில், தொல்குடியினரின் உரிமைகளை ஏற்கும் அரசமைப்பு பற்றிய சொற்கள் 2021இல் சேர்க்கப்பட்டன. தமிழர் மிகுதியாக வாழும் டொராண்டோ நகரின் நிலத்தை மிசிசாகா மக்களிடமிருந்து 1787இல் வாங்கியதாகச் சொல்லப்பட்ட பத்திரம் வெற்றுத்தாளாக இருந்தது. 1805இல் பத்து ஷில்லிங்குக்கு அது உறுதிசெய்யப்பட்டது. பேச்சுவார்த்தையின் வழியே, 2010இல் 14.5 கோடி டாலர் இழப்பீட்டுடன் அச்சிக்கல் தீர்க்கப்பட்டது. அந்நகரில் இன்று வீட்டுப் பத்திரங்களை எழுதிப் பதிவு செய்து தரும் வழக்கறிஞர்களுள் தமிழரும் உள்ளனர். இக்கல்லூரியிலிருந்து நாளை அங்கே சட்டம் பயிலச் செல்லும் மாணவர்க்கு அப்பத்திரங்களின் முதல் பக்கம் எது என்பது தெரிந்திருத்தல் நன்று.